கோயில்பிள்ளையின் இரண்டரை நாள் ஓய்வு

இம்மானுவேல் அண்ணன் உட்கார்ந்து நான் பார்த்தது மிகவும் குறைவு. கோச்சடைப் பக்கம், வைகைக்கரையை ஒட்டியிருக்கும் எங்கள் சபையில் அவர் இருபத்தேழு வருடமாகக் கோயில்பிள்ளை. ஆலயத்தைத் திறப்பது, மணி அடிப்பது, பெஞ்சுகளைத் துடைப்பது, மைக்கைச் சரிபார்ப்பது, திருமணத்துக்குக் கம்பளம் விரிப்பது, அடக்கம் என்றால் கல்லறைத் தோட்டத்தில் ஆள் வைத்துக் குழி வெட்டுவது எல்லாம் அவர் பொறுப்பு. ஆராதனை நடக்கும்போது பின்வாசல் பக்கம், மணிக்கயிற்றின் அருகே நிற்பார். அங்கே அவருக்கென்று ஒரு ஸ்டூல் உண்டு. அதன்மேல் பாட்டுப்புத்தகங்களை அடுக்கி வைத்திருப்பார்.

நான் அதே சபையின் அலுவலக எழுத்தர். ஞானஸ்நானச் சான்றிதழ் எழுதிக் கொடுப்பதும், சபையின் மாத இதழைத் தட்டச்சு செய்து அச்சகத்துக்கு அனுப்புவதும் என் வேலை. பதினோரு வருடமாக அவரை அன்றாடம் பார்க்கிறேன். அவர் நல்ல மனிதரா என்று யாராவது கேட்டால் உடனே ஆமாம் என்று சொல்லத் தயங்குவேன். உழைப்பாளி என்று தயங்காமல் சொல்வேன். இரண்டும் ஒன்று என்றுதான் சபையில் பலர் நினைத்தார்கள். நானும் வெகுநாள் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அவர் மனைவி ஜெயக்கொடி செக்கானூரணிக்கு மேற்கே ஒரு விவசாயக் குடும்பத்துப் பெண். திருமணத்துக்கு முன் ஞானஸ்நானம் எடுத்தபோது எஸ்தர் என்று பெயர் வைத்தார்கள். அந்தப் பெயர் சபைப் பதிவேட்டில் இருக்கிறது. கூப்பிடுபவர் யாரும் இல்லை. ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் ஆயா வேலை. நாள் முழுக்க நின்றுகொண்டும் நடந்துகொண்டும் செய்கிற வேலை. ஆலய வளாகத்தின் பின்னால் இரண்டு அறைகள் கொண்ட குடியிருப்பில் இருவரும் இருக்கிறார்கள்.

இரண்டு வருடத்துக்கு முன் அவர்களுடைய ஒரே மகளுக்குத் திருமணம் நடந்தது. எங்கள் ஆலயத்தில்தான். தகப்பன் மணப்பெண்ணைக் கைப்பிடித்து உள்ளே அழைத்து வருவது வழக்கம். மணி அடித்தாயிற்று, பாட்டும் ஆரம்பித்துவிட்டது, அந்த நேரத்தில் கரண்ட் போனது. இம்மானுவேல் அண்ணன் பட்டுவேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு ஜெனரேட்டர் அறைக்கு ஓடினார். அது கிளம்ப மறுத்தது. காத்திருந்து பார்த்துவிட்டு, ஜெயக்கொடியின் அண்ணன் விருமாண்டி மருமகளின் கையைப் பிடித்து நடந்து வந்தார். தங்கை வேதத்துக்குப் போய்விட்டாள், கிறிஸ்தவளாகிவிட்டாள் என்று ஆறு வருடம் பேசாமல் இருந்த மனிதர் அவர். விளக்கு எரிந்து ஃபேன் சுற்றியபோது சபை முழுக்க இம்மானுவேலைப் பாராட்டியது. 

போன தை மாதம் சபைகளின் மேலிடத்திலிருந்து ஒரு சுற்றறிக்கை வந்தது. போதகர்கள், சபை ஊழியர்கள், அவர்கள் துணைவர் ஆகியோருக்கு நல்வாழ்வு முகாம். நாகமலை புதுக்கோட்டையில் ஒரு தியான இல்லத்தில், திங்கள் காலை முதல் புதன் மதியம்வரை. எங்கள் சபையிலிருந்து போதகர் ஞானாபரணம் ஐயரும் (போதகரை ஐயர் என்பது எங்கள் வழக்கம்) அவர் மனைவியும், நானும் என் மனைவி தமிழ்வாணியும், இம்மானுவேல் அண்ணனும் ஜெயக்கொடியும். சுற்றறிக்கையைக் கொடுக்க நான்தான் அவர்கள் வீட்டுக்குப் போனேன்.

ஜெயக்கொடி அரிசி களைந்துகொண்டே கேட்டார். "அங்க யாரு சார் சேர் போடுவா?"

"அங்க ஆளுக இருக்காங்க. நாம சும்மா போயி உக்காந்தாப் போதும்."

"இவுக சும்மா உக்காருவாகளா?"

"உக்காருவேன்" என்றார் இம்மானுவேல்.

"அங்கயும் போயி அண்டாவத் தூக்குறதா இருந்தா நான் வரல. ஆஸ்பத்திரில லீவு சொல்லி, ஆளு மாத்திவிட்டு வரணும். எம்பக்கத்துல உக்காருறதா இருந்தாச் சொல்லுங்க, வாரேன்."

"உக்காருறேன்னுதான சொல்றேன்."

"சார் சாட்சி" என்றார் ஜெயக்கொடி என்னைப் பார்த்து.

அது ஏன் அவ்வளவு பெரிய விஷயம் என்று வெளியில் இருப்பவருக்குப் புரியாமல் போகலாம். எங்கள் ஆலயத்தில் இன்னும் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம். மற்ற சபைகளில் குடும்பமாக உட்காருகிறார்கள். எங்கள் பெரியவர்கள் விடவில்லை. விட்டிருந்தாலும் இம்மானுவேல் மணிக்கயிற்றின் அருகில்தான் நின்றிருப்பார். ஆக, தங்கள் திருமணத்தன்று பீடத்துக்கு முன் நின்றதற்குப் பிறகு அந்த இருவரும் ஒரு ஜெபத்துக்குக்கூட அருகருகே இருந்ததில்லை.

தியான இல்லம் மலையடிவாரத்தில், வேப்பமரங்களுக்கு நடுவில் இருந்தது. வெவ்வேறு சபைகளிலிருந்து பதினெட்டுத் தம்பதிகள். காலையில் நடை, மூச்சுப் பயிற்சி, சிரிப்புப் பயிற்சி. அதற்கப்புறம் ஆலோசகர் ஒருவர் ஓய்வைப் பற்றிப் பேசினார். மற்றவர்களுக்கு ஓய்வுநாளைப் பற்றிப் பிரசங்கம் செய்கிறவர்கள் ஞாயிற்றுக்கிழமைதான் அதிகம் உழைக்கிறார்கள் என்றார். ஐயர்மார் எல்லோரும் சிரித்தார்கள். தங்களைப் பற்றித்தான் சொல்கிறார் என்று.

முதல் நாள் மதியச் சாப்பாட்டில் ரசம் வர நேரமானது. இம்மானுவேல் அண்ணனின் உடம்பு நாற்காலியிலிருந்து பாதி எழுந்துவிட்டது. ஜெயக்கொடி அவர் சட்டையின் பின்பக்கத்தைப் பிடித்து இழுத்தார்.

"ரசம் நடந்து வரும். உக்காருங்க."

எதிரே இருந்த வேறொரு சபையின் ஐயர், "என்ன இம்மானுவேல், புது மாப்பிள்ளை மாதிரி உக்காந்திருக்கீரு" என்றார்.

"உக்கார வச்சிருக்காக ஐயா" என்றார் இவர். மேசையில் எல்லோரும் சிரித்தோம். ஜெயக்கொடியும் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை.

இரண்டாம் நாள் மருத்துவப் பரிசோதனை. மேலூரிலிருந்து கனகலட்சுமி என்ற டாக்டர் வந்திருந்தார். ஒவ்வொரு தம்பதியையும் சேர்த்தே கூப்பிட்டார். எங்களுக்கு முந்திய முறை அவர்களுடையது; திரைக்கு இந்தப் பக்கம் நாங்கள் காத்திருந்தோம், பேசுவது கேட்டது.

"இவங்களுக்கு சுகர் எத்தனை வருசமா?"

கேட்டது இம்மானுவேல் அண்ணனை. "நாலு வருசம்" என்றார் ஜெயக்கொடி.

"இந்தக் காலைப் பாருங்க சார். வெடிப்பு எம்புட்டு ஆழமா இருக்கு பாருங்க. சுகர் இருக்கவங்க காலை தெனம் பாக்கணும். அவங்களுக்குக் குனிஞ்சு அடிப்பாதத்தப் பாக்கத் தோதுப்படாது. நீங்கதான் பாக்கணும்."

"இவுகளா?" என்றார் ஜெயக்கொடி. "மணிக்கயிறு நைஞ்சிருக்கான்னு தெனம் பாப்பாக."

டாக்டர் சிரித்துவிட்டார். நாங்களும் சிரித்தோம். திரை விலகி அவர்கள் வெளியே வந்தபோது இம்மானுவேல் அண்ணனின் முகம் சிரிக்கிற நிலையில் இல்லை.

அன்று சாயங்காலம், மறுநாளின் கடைசி நிகழ்ச்சி என்ன என்று அறிவித்தார்கள். கணவன்மார் மனைவியரின் பாதங்களைக் கழுவ வேண்டும். பெரிய வியாழன் ஆராதனையில், இயேசு சீடர்களுக்குச் செய்ததுபோல, போதகர் பன்னிரண்டு பேருக்குக் கால் கழுவுவதை எல்லோரும் பார்த்திருக்கிறோம். எங்கள் ஆலயத்தில் அதற்கு வெந்நீர் போடுவது, பேசின்களைத் தேய்த்து வைப்பது, துண்டுகளை மடித்து அடுக்குவது, செம்பில் தண்ணீர் எடுத்து ஐயரின் பின்னாலேயே நகர்வது எல்லாம் இம்மானுவேல் அண்ணன்தான். இருபத்தேழு வருடமும் அவர் கால் அந்தப் பேசினில் நனைந்ததில்லை. கோயில்பிள்ளையின் பெயர் அந்தப் பன்னிரண்டு பேர் பட்டியலில் வருவதில்லை. பட்டியலைத் தட்டச்சு செய்வது நான்.

பெண்கள் குளிக்கும் இடத்தில் ஜெயக்கொடி ஒரு கல்லை வைத்துக் குதிகாலைத் தேய்த்துக்கொண்டிருந்ததைத் தமிழ்வாணி பார்த்திருக்கிறாள். டாக்டர் கொடுத்த களிம்பும் பக்கத்தில் இருந்ததாம்.

"இருபத்தாறு வருசமாச்சு, எங்காலு எப்படி இருக்கும்னு அவுகளுக்குத் தெரியாது தமிழு" என்றாராம். "நாளைக்குத் தெரிஞ்சுக்கிருவாக. அதுக்குள்ள கொஞ்சமாச்சும் பாக்குறமாதிரி ஆக்கிப்புடணும்."

தமிழ்வாணி இதை என்னிடம் சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். நானும் சிரித்துக்கொண்டேதான் கேட்டேன்.

புதன்கிழமை காலை நல்ல குளிர். கூடத்தில் பதினெட்டு நாற்காலிகளை மூன்று வரிசையாகப் போட்டிருந்தார்கள். பேசின்கள் ஆறுதான் இருந்தன. முதல் வரிசை முடிந்து இரண்டாவது, பிறகு மூன்றாவது என்று ஏற்பாடு. ஜெயக்கொடி மூன்றாவது வரிசையின் ஓரத்தில் உட்கார்ந்தார். இம்மானுவேல் அண்ணன் அவர் பக்கத்தில் நின்றார். கை இரண்டையும் பின்னால் கோத்துக்கொண்டிருந்தார். அந்த நேரம்வரை, அதாவது இரண்டு நாளும் கூடக் கொஞ்சமும், அவர் சொன்ன வார்த்தையைக் காப்பாற்றியிருந்தார்.

முதல் வரிசையில் வயதான ஐயரம்மா ஒருவர் இருந்தார். அவர் கணவர் தண்ணீரை ஊற்றியதும் அந்த அம்மா காலை வெடுக்கென்று இழுத்துக்கொண்டார். போர் தண்ணீர், விடியற்காலையில் பிடித்து வைத்தது.

"ரொம்பச் சில்லுனு இருக்கு" என்று யாரோ சொன்னார்கள்.

இம்மானுவேல் அண்ணன் ஜெயக்கொடியின் பக்கம் குனிந்து, "வெந்நீரு மட்டும் சொல்லிட்டு வாரேன்" என்றார். ஜெயக்கொடி என்ன பதில் சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. இம்மானுவேல் அண்ணன் சமையலறைப் பக்கம் போனார். சொல்லிவிட்டுத் திரும்பியிருக்கலாம். அங்கே அடுப்பில் ஆள் இல்லையோ என்னவோ, பத்து நிமிடத்தில் இரண்டு கையிலும் வெந்நீர் வாளியோடு வந்தார். விளாவினார். கையை விட்டுச் சூடு பார்த்தார். முதல் வரிசைக்கு ஊற்றினார்.

இரண்டாவது வரிசையில் நான் தமிழ்வாணியின் முன் முழங்கால் போட்டிருந்தேன். அவள் கால் நனைந்துவிட்டது; துடைக்கத் துண்டு இல்லை. நான் தலையைத் தூக்கி, "அண்ணே, துண்டு" என்றேன்.

அந்தக் கூடத்தில் அவரை வேலைக்குக் கூப்பிட்ட முதல் ஆள் நான்தான். எனக்கு முன்னால் ஒருவரும் கூப்பிட்டிருக்கவில்லை. எழுந்து நான்கு எட்டு வைத்திருந்தால் துண்டுகள் இருந்த மேசை. ஜெயக்கொடி சாட்சியாக இருக்கச் சொன்னதும் என்னைத்தான்.

அதற்குப் பிறகு எல்லோரும் கூப்பிட்டார்கள். இம்மானுவேல், இங்க ஒரு செம்பு. இம்மானுவேல், இந்தப் பேசினைக் கொட்டிட்டு வாங்க. அவர் முகத்தில் ஒரு தெளிவு வந்திருந்தது. இரண்டு நாளாக எங்கே வைப்பது என்று தெரியாமல் இருந்த கைகளுக்கு இடம் கிடைத்துவிட்டது. உதவி செய்துகொண்டிருக்கிறவரிடம் யாரும் எங்கே போயிருந்தாய் என்று கேட்க முடியாது. தன்னைத் தானே கேட்டுக்கொள்ளவும் அவருக்கு அவசியம் இராது.

மூன்றாவது வரிசையும் முடிந்தது. மனைவியர் ஒவ்வொருவராக எழுந்து கணவனோடு போய் நின்றார்கள். ஓர நாற்காலியில் ஜெயக்கொடி மட்டும் இருந்தார். சேலையைக் கணுக்காலுக்கு மேல் சிறிது தூக்கிப் பிடித்திருந்தார். செருப்பைக் கழற்றி நாற்காலிக்கு அடியில் ஒழுங்காக வைத்திருந்தார். எவ்வளவு நேரமாக அப்படி இருந்தார் என்று தெரியவில்லை. பார்த்தவர்கள் இருந்திருப்பார்கள், நான் பார்த்தேன்.

ஞானாபரணம் ஐயரும் பார்த்தார். அவர் இளகிய மனசுக்காரர். விறுவிறுவென்று போய் ஜெயக்கொடியின் முன் முழங்கால் போட்டார். திரும்பிப் பார்க்காமலேயே, பெரிய வியாழனில் கூப்பிடுகிற அதே குரலில், "இம்மானுவேல், தண்ணி" என்றார்.

இம்மானுவேல் அண்ணன் செம்போடு வந்தார். தளும்பாமல் இருக்க வேண்டுமென்று செம்பையே பார்த்துக்கொண்டு வந்தார். ஐயரின் வலது பக்கம் நின்று குனிந்தார். ஊற்றுவதற்குச் சாய்த்த பிறகுதான் அந்தச் சேலைக் கரையைப் பார்த்தார். செம்பு அப்படியே நின்றது.

"ஊத்துங்க" என்றார் ஜெயக்கொடி. குரல் உயரவில்லை. "ஐயரு காத்திருக்காக."

அவர் ஊற்றினார். ஐயர் கழுவினார். கூடத்தில் பலருக்குக் கண் கலங்கிவிட்டது. ஒரு போதகர் கோயில்பிள்ளையின் மனைவிக்குப் பாதம் கழுவுகிறார், கோயில்பிள்ளை தாழ்மையோடு தண்ணீர் ஊற்றுகிறார் என்று அவர்கள் கண்டார்கள். ஆலோசகர், "இதுதான் ஊழியம். நாம பேசினதெல்லாம் இந்த ஒரு காட்சில இருக்கு" என்றார். ஒருவர் கைதட்ட, எல்லோரும் தட்டினார்கள். ஜெபம் செய்து முகாமை முடித்தார்கள். மதியச் சாப்பாட்டில் ஜெயக்கொடி என் மனைவியின் பக்கத்தில் உட்கார்ந்து, கேட்டதற்கு மட்டும் பதில் சொல்லிச் சாப்பிட்டார். இம்மானுவேல் அண்ணன் பரிமாறினார். அவர் சட்டையை யாரும் பிடித்து இழுக்கவில்லை.

மார்ச் மாத இதழுக்கு முகாமைப் பற்றிய அறிக்கையை நான் எழுதினேன். ஐயர் சொன்னதைக் கேட்டு, நானும் இரண்டு வரி சேர்த்து, 'தாழ்மையின் உன்னதக் காட்சி' என்று ஒரு பத்தி. அச்சகத்துக்கு அனுப்புவதற்கு முன்தினம் இம்மானுவேல் அண்ணன் அலுவலகத்துக்கு வந்தார். மேசையில் இருந்த தாளை நின்றுகொண்டே படித்தார்.

"சார், இதுல ஒரு திருத்தம் பண்ணணும்."

"சொல்லுங்கண்ணே."

"தாழ்மையெல்லாம் ஒண்ணுமில்ல. நான் அவள மறந்துட்டேன். அம்புட்டுதேன். அப்படியே எழுதிருங்க."

நான் பேனாவை மூடி வைத்தேன். "அத எப்படிண்ணே எழுத முடியும்? ஐயா பாத்து சரின்னுட்டாரு."

அவர் தாளைக் கையில் எடுத்தார். "அன்னைக்கு வீட்டுக்குப் போனதும் பேசின்ல தண்ணி பிடிச்சு அவ முன்னால வச்சேன் சார். 'நல்லதாப் போச்சு, இதுல அந்தத் துணிகள ஊற வச்சிருங்க'ன்னுட்டா. சோப்பும் எடுத்துக் குடுத்தா."

"அப்புறம்?"

"ஊற வச்சேன்."

 துண்டு கேட்டது நான்தான் என்று அப்போதாவது சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை. அவர் தாளை மேசையில் வைத்து, காற்றில் பறக்காமல் இருக்க அதன்மேல் பேப்பர் வெயிட்டையும் எடுத்து வைத்துவிட்டுப் போனார்.

இதழ் வந்த ஞாயிற்றுக்கிழமை, அறிவிப்பு நேரத்தில் ஐயர் அந்தப் பத்தியை வாசித்தார். "நம்ம இம்மானுவேல் சகோதரனுக்காகத் தேவனை ஸ்தோத்திரிப்போம்" என்றார்.

பின்வாசல் பக்கத்திலிருந்து, "ஐயா, ஒரு வார்த்தை" என்று குரல் வந்தது.

சபை முழுவதும் திரும்பியது. இருபத்தேழு வருடத்தில் அந்த இடத்திலிருந்து பேச்சுச் சத்தம் வந்ததில்லை.

"அது தாழ்மை இல்லீங்கய்யா. பக்கத்துலயே இருக்கேன்னு எஞ்சம்சாரத்துக்கு வாக்குக் குடுத்துத்தான் கூட்டிட்டுப் போனேன். தண்ணி தூக்கப் போயி அவள மறந்துட்டேன். தெரிஞ்சு ஊத்தல. யாரும் எனக்காக ஸ்தோத்திரம் பண்ண வேணாம்."

ஐயர் கண்ணாடியைக் கழற்றினார், மாட்டினார். "சரி இம்மானுவேல்" என்று மெதுவாகச் சொல்லிவிட்டு அடுத்த அறிவிப்புக்குப் போனார். பெண்கள் பக்கத்தில் எல்லாத் தலைகளும் ஜெயக்கொடியைப் பார்த்தன. அவர் பாட்டுப்புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார். காது மடல்வரை முகம் கறுத்திருந்தது.

உண்மையைச் சொல்வது எப்போதும் நல்லது என்று நான் படித்த புத்தகங்களில் பாதி சொல்கின்றன. யாருக்கு நல்லது என்பதை அவை அவ்வளவு விளக்குவதில்லை.

ஆராதனை முடிந்து கூட்டம் கலைந்தது. நான் காணிக்கைப் பைகளை எடுத்துக்கொண்டு பின்வாசலுக்கு வந்தபோது அவர்கள் இருவரும் மணிக்கயிற்றின் பக்கத்தில் நின்றிருந்தார்கள். என்னைப் பார்த்தும் ஜெயக்கொடி பேச்சை நிறுத்தவில்லை.

"அங்க இருந்தவுக அம்புட்டுப் பேரும் ஐயரு பெரிய மனசுன்னு நெனச்சாக. என்னையப் பத்தி ஒண்ணும் நெனைக்கல. இன்னைக்கு நீங்க சொன்னீகள்ல, இனிமே ஊருக்கே தெரியும். புருசன் மறந்துட்டுப் போன பொம்பள."

"எனக்கு நெஞ்சுல கெடந்து அரிச்சுச்சு."

"உங்களுக்கு அரிச்சுச்சு. எறக்கி வச்சுட்டீக. யாரு தலையில எறக்குனீக?"

  ஐம்பத்து மூன்று வயது மனிதர், தப்பை ஒப்புக்கொண்டதும் ஒரு தப்பாகிவிட்ட நிலையில், கையில் சாவிக்கொத்தோடு நின்றார். நான் பார்வையைத் திருப்பிக்கொண்டேன்.

ஜெயக்கொடி படியிறங்கி வாசல் கேட்டை நோக்கி நடந்தார். அவர்கள் வீடு ஆலயத்துக்குப் பின்னால். கேட்டுக்கு வெளியே ஆற்றுச்சாலை. அங்கே பஸ் நிறுத்தம். அண்ணன் விருமாண்டி வீட்டுக்குப் போக அங்கேதான் ஏற வேண்டும்.

உள்ளே பதினாறு ஃபேன்களும் சுற்றிக்கொண்டிருந்தன. ஜன்னல்கள் திறந்து கிடந்தன. பீடத்தில் மெழுகுவர்த்திகள் எரிந்துகொண்டிருந்தன. இம்மானுவேல் அண்ணன் திரும்பி அதையெல்லாம் ஒருமுறை பார்த்தார். இரண்டு எட்டு உள்ளே வைத்தும்விட்டார். பிறகு நின்று, சாவிக்கொத்தைக் கதவின் கொக்கியில் மாட்டிவிட்டு வெளியே நடந்தார். ஓடவில்லை. கூப்பிடவும் இல்லை.

கேட்டருகில் ஜெயக்கொடி அவர் வருவதைக் கண்டு நின்றார்.

"கோயிலப் பூட்டலையா?"

"சாரு பூட்டுவாரு."

"சொல்லிட்டு வந்தீகளா?"

"இல்ல."

ஜெயக்கொடி அவரைத் தாண்டி, படியில் நின்ற என்னைப் பார்த்தார்.  கேட்டைத் திறந்து சாலையில் இறங்கினார். இம்மானுவேல் அண்ணன் இரண்டு எட்டுப் பின்னால் போனார். அந்த இரண்டு எட்டைக் குறைக்க அவர் முயலவில்லை. ஜெயக்கொடியும் அதைக் கூட்டவில்லை. பஸ் நிறுத்தத்தில் நின்றார்களா, தாண்டி ஆற்றோரமாகப் போனார்களா என்பது மதில் மறைத்ததால் தெரியவில்லை.

நான் உள்ளே போனேன். எந்த சுவிட்ச் எந்த ஃபேனுக்கு என்று பதினோரு வருடமாக எனக்குத் தெரியாது. ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.